உத்தரத்தில் படியும் தூசி

கட்டுரைகளோடு வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் ஆலைப் பொறியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் என் நன்றி.

எரியும் தூசியைப் பற்றிப் பேச எவ்வளவோ உண்டு. நான் ஒரே ஓர் ஆலையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த்தில் இருந்த இம்பீரியல் சுகர் ஆலை. 2008 பிப்ரவரி 7 அன்று இரவு நடந்த வெடிப்புகளில் அங்கே 14 பேர் இறந்தார்கள்; 36 பேர் படுகாயமடைந்தார்கள். வெடித்தது வெறும் சர்க்கரை.

சைலோக்களுக்கு அடியிலிருந்த சுரங்கத்தில், சர்க்கரையைக் கொண்டுசெல்லும் கன்வேயர் பெல்ட் பல்லாண்டுகள் திறந்தே ஓடியது. சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாதென்று 2007இல் அதை எஃகுத் தகடுகளால் மூடினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் உள்ளே எழும் தூசியை உறிஞ்சி எடுக்க வழி வைக்கவில்லை. வெடித்தால் அழுத்தம் வெளியேறத் திறப்பும் வைக்கவில்லை. மூடிக்குள் தூசி வெடிக்கும் அடர்த்தியை எட்டியது. சூடேறிய ஒரு பேரிங் அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியத்தின் கணிப்பு.

அந்த முதல் வெடிப்பு மட்டும் இத்தனை உயிர்களை வாங்கவில்லை. அதன் அதிர்ச்சி தரையிலும், உத்தரங்களிலும், இயந்திரங்களின் தலையிலும் படிந்துகிடந்த சர்க்கரைத் தூசியைக் கிளப்பிவிட்டது. கிளம்பிய தூசியைத் தீ துரத்தியது. சிப்பமிடும் கட்டடங்களில் அடுத்தடுத்து வெடித்தது. படிவுகளை ஒழுங்காக அகற்றியிருந்தால் இந்தச் சாவுகள் பெரும்பாலும் நேர்ந்திருக்காது என்றது வாரியம். நிர்வாகம் அறியாததும் அல்ல. 1958இலேயே அந்த ஆலையில் இந்த அபாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் சிறுசிறு தீ பிடித்தது, அணைந்தது. அணைந்த ஒவ்வொரு தீயும் பயத்தையும் கொஞ்சம் அணைத்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு மூன்றைச் சேர்த்தே சொன்னது: இயந்திரத்தை மூடு, தூசியை அகற்று, தீமூலத்தை விலக்கு. போர்ட் வென்ட்வொர்த்தில் முதலாவதைச் செய்து மற்ற இரண்டையும் விட்டார்கள், மூடியதே வெடிகலமாயிற்று.

எவ்வளவு தூசி அபாயம்? பரந்த இடத்தில் 0.8 மில்லிமீட்டர் படிந்தாலே போதும் என்பது அமெரிக்காவில் வழங்கும் அளவுகோல். அதுவும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் படியும் என்பதில்லை. 2003இல் வட கரோலினாவின் கின்ஸ்டனில் ரப்பர்ப் பொருள்கள் செய்த ஆலையில், பொய்க்கூரைக்கு மேலே சேர்ந்த பாலிஎத்திலீன் பொடி வெடித்து 6 பேர் இறந்தார்கள். கீழே தொழிற்கூடம் சுத்தமாகவே இருந்தது.

ஆகவே இந்தக் கருத்தரங்கிடம் நான் வேண்டுவது இது. வெடிப்புத் திறப்புகளையும் அணைப்பான்களையும் பற்றிய கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன, அவை தேவை. ஆனால் உத்தரத்தின் மேல் ஏறித் துடைப்பது யார், எத்தனை நாளுக்கொருமுறை, அதற்காக இயந்திரத்தை நிறுத்த அனுமதி உண்டா, கம்ப்ரஸர் காற்றால் ஊதித் தூசியை மேகமாக்குகிறார்களா, உரிய வேக்குவம் கருவி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்கும் கட்டுரை ஒன்றுதான். அதை நாளை மாலை கடைசியில் வைத்திருந்தார்கள். அமைப்பாளர்களிடம் கேட்டு, இன்றைய முதல் அமர்வுக்கு மாற்றியிருக்கிறேன். அதைத் துப்புரவுப் பணியாளர்களும் இருந்து கேட்க ஏற்பாடாகியிருக்கிறது. கேள்வி நேரத்தில் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.