ரிப்பேர் செய்ய முடியாத பொருளுக்கு முழு விலை எதுக்கு?

(திண்டிவனம் இளைஞர் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க வீட்டு மிக்ஸி நின்னு போனா என்ன பண்றீங்க? கடைக்குத் தூக்கிட்டுப் போறீங்க. கார்பன் பிரஷ் தேஞ்சிருந்தா மாத்துவாங்க. காயில் எரிஞ்சிருந்தா புதுசா கட்டித் தருவாங்க. கழனியில ஓடுற போர் மோட்டாரும் அப்படித்தான். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அந்த மெக்கானிக்குகள் இல்லேன்னா விவசாயமே நின்னுடும்.

இப்போ உங்க கையில இருக்கிற போனைப் பாருங்க. அதுல முதல்ல தேயப்போறது பேட்டரி. லித்தியம் பேட்டரி பொதுவா 500 முதல் 1000 முழு சார்ஜுக்குள்ள தன் திறன்ல ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். தினம் ஒரு சார்ஜ் போட்டா, மூணு வருஷம்கூட தாங்காது. இது கம்பெனிக்கும் தெரியும். தெரிஞ்சும் அதைத்தான் பசை போட்டு ஒட்டி விக்கிறாங்க. போன் மெலிசா இருக்கணும், தண்ணி புகக்கூடாதுன்னு காரணம் சொல்றாங்க. சரி, ஒரிஜினல் பேட்டரி நம்ம ஊர் மெக்கானிக்குக்கு ஏன் கிடைக்கல? அதுக்கு என்ன காரணம்?

இது புது வித்தை இல்லை நண்பர்களே. 1924-ல் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் போன்ற பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டன. 1500, 2000 மணி நேரம் எரிந்த பல்பை 1000 மணி நேரத்துக்குக் குறைத்தன. அதைவிட அதிகம் எரியும் பல்பு தயாரித்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல பொருள் செஞ்சதுக்கு அபராதம்.

பிரான்ஸ் இதைத் திருப்பிப் போட்டது. வேணும்னே ஆயுளைக் குறைப்பது அங்கே 2015 முதல் குற்றம். அப்டேட் போட்டா பழைய ஐபோன் வேகம் குறையலாம்னு மக்களுக்குச் சொல்லாததுக்காக, 2020-ல் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம். 2021-ல் போன், டிவி, வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் ரிப்பேர் மதிப்பெண், பத்துக்கு எத்தனைன்னு கடையிலேயே காட்டணும்னு விதி கொண்டு வந்தாங்க.

நம்ம நாட்டில் ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கு ஒரு இணையதளம் திறந்தது. இணையதளம் மட்டும் போதாது. ரிப்பேர் மதிப்பெண் சட்டப்படி கட்டாயமாகணும். ஸ்பேர் பார்ட்ஸ் நியாயமான விலையில் எல்லா மெக்கானிக்குக்கும் கிடைக்கணும். எத்தனை வருஷம் கிடைக்கும்னு பெட்டி மேலேயே போடணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? நீங்க கொடுக்கிற ரிப்பேர் கூலி திண்டிவனத்துலயே அரிசிக் கடைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் போகும். புதுப் போனுக்குக் கட்டுற இ.எம்.ஐ. பெரும்பாலும் ஊரை விட்டே போயிடும். பல பேருக்கு இ.எம்.ஐ. முடியறதுக்குள்ள போன் முடிஞ்சிடுது!

அடுத்த முறை வாங்கும்போது "இதுக்கு ஸ்பேர் எத்தனை வருஷம் கிடைக்கும்?"னு கேளுங்க. பில்லை பத்திரமா வைங்க. ஏமாத்தினா 1915-க்கு போன் பண்ணுங்க. விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு.

காசு கொடுத்து வாங்கின பொருள் நம்முடையது. அதைத் திறந்து பார்க்கிற உரிமையும் நம்முடையதுதான்!



#ரிப்பேர்_நம்_உரிமை #விழுப்புரம் #திண்டிவனம்