பெயரில் ஏற்றிய இழிவு



பறை என்பது இழிந்த சொல்லன்று. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அப்பொருளிலேயே அதனை ஆளுகின்றனர். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுங்கால் தெய்வத்தோடும் உணவோடும் யாழோடும் பறையையும் சேர்த்தே எண்ணுகின்றது. புறநானூற்றில் மாங்குடிகிழார் போற்றும் நான்கு குடிகளுள் ஒன்று பறையர் குடி. இவற்றையெல்லாம் மேடைதோறும் எடுத்துரைத்து நம்மவர் பெருமிதம் கொள்வர், கொள்ளட்டும். ஆனால், துடி கொட்டுபவனைப் புலையன் என்றும் இழிசினன் என்றும் விளிக்கும் பாட்டும் அதே புறநானூற்றில்தான் உள்ளது. அதனை மூடி மறைத்துவிட்டுப் பழி முழுவதையும் வடவர் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது.

பிற்காலத்தே அக்குடிப்பெயர் வசையாயிற்று. ஐரோப்பியர் அவ்வசையைத் தம் மொழிகளுக்கும் கொண்டு சென்றனர். உலகம் ஒதுக்கிய நாட்டைக் குறிக்க ஆங்கிலச் செய்தித்தாள்கள் இன்றும் எழுதும் சொல் அதுவே! தமிழ் உலகிற்கு ஈந்த சொல் கட்டுமரம் என்று மார்தட்டுவோர் இதனையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டாவா?

இவ்விழிவை எழுத்தால் எதிர்த்தவர் இருவர். இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டி, வசையை நிமிர்ந்த பெயராக்கினார். அயோத்திதாசரோ அப்பெயரையே ஏற்க மறுத்தார். பகைவர் சூட்டிய பெயர் அது என்றார். 1907 இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' மறு ஆண்டே 'தமிழன்' ஆயிற்று. சாதி வேற்றுமை பாராதவரே தமிழர் என்பது அவர் கொள்கை.

அக்குரல் இவ்வெல்லைப் பகுதிக்கு அயலன்று. இங்கிருந்து வடக்கே, கருநாடக எல்லைக்குள், கோலார் தங்கவயல். 2001 இல் மூடப்படும்வரை அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவருள் மிகப் பலர் தமிழகத்து வடபகுதியிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களே. 1914 இல் அயோத்திதாசர் மறைந்தார். நின்றுபோன 'தமிழனை' 1926 இல் அத்தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார் அப்பாதுரையார். நிலத்தடியில் பாறை உடைத்தவர்களுக்கு அது தம்மை இழிவின்றி அழைத்த இதழ்.

1922 இல் சென்னை அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. தெருச்சண்டையில் நாக்கு மாறவில்லை. வடசொல் ஒன்று கலந்தால் துடிக்கும் தனித்தமிழன்பர் செவி, அவ்வசை கேட்டுத் துடித்ததுண்டா?

'காலனி' என்னும் சொல்லை ஆவணங்களினின்று நீக்குவதாகத் தமிழக அரசு 2025 இல் அறிவித்தது. அயற்சொல் ஒழிந்தது என்று நம்மவர் மகிழலாம். ஆனால், ஓசூர் ஆலையொன்றில் வேலை கேட்டு விண்ணப்பம் எழுதும் இளைஞனின் கை, முகவரியில் அச்சொல்லை எழுதத் தயங்கியது, அஃது ஆங்கிலம் என்பதனாலன்று.