ரத்தம் ஊறுகிறதா?
ஹீமோகுளோபின் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் இரும்புச்சத்து மாத்திரை வாங்க ஓடுகிறோம். ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் ரெட்டிகுலோசைட் பரிசோதனை.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அழிவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை தினமும் புதியவற்றை அனுப்புகிறது. வந்து ஓரிரு நாளே ஆன அந்த இளம் அணுக்களைத்தான் இதில் எண்ணுகிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் 0.5 முதல் 2.5 சதவீதம் இயல்பு.

சோகை இருந்தும் இந்த எண் ஏறவில்லையா? உற்பத்தியில்தான் குறை. இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் போதாமல் இருக்கலாம். சிறுநீரகக் கோளாறாகவும் இருக்கலாம், இதைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. கூடியிருந்தால் மஜ்ஜை நன்றாகவே உழைக்கிறது. ரத்தம் எங்கோ கசிகிறது, அல்லது அணுக்கள் சீக்கிரமே சிதைகின்றன.

சரியான மருந்து தொடங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் முதலில் ஏறுவது இந்த எண்தான். ஹீமோகுளோபின் நிரம்பச் சில வாரங்கள் பிடிக்கும்.