இடுப்பு கடுக்குதா? கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்



இடுப்பு வலியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதுமே, "அது எங்க கூடப் பொறந்ததுதானே" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அப்படியில்லை. இது பெரும்பாலும் வேலையோடு வருகிற வலி. தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைச் சுமந்தால் உடம்பு தானாக முன்னுக்கு வளையும். சரிவான மலையில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. எட்டி எட்டிக் கிள்ளும்போது பாரமெல்லாம் அடியிடுப்பில் விழுகிறது. மழை நாளில் ஈரக் கொழுந்தும் ஈரப் படங்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வலி வந்தால் ஒரு கிழமை பாயில் படுக்கச் சொன்னது அந்தக் காலம். இப்போது வைத்தியர்கள் முடிந்தளவு நடமாடத்தான் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்காக 2023இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் உடற்பயிற்சி இருக்கிறது. கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் தினமும் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: அந்த மாத்திரை வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பேர் போட வேண்டுமே என்று போடுகிறீர்கள், தெரியும். ஆனாலும் டிஸ்பென்சரியில் கேட்காமல் போடாதீங்க.

முதல் பயிற்சிக்குப் பாயும் வேண்டாம், நேரமும் வேண்டாம். கொழுந்து நிறுத்துக் கூடையை இறக்கியதும் நேராக நில்லுங்கள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் சாயுங்கள். இரண்டு மூச்சு நேரம். பிறகு நிமிருங்கள். ஐந்து தடவை போதும். பகலெல்லாம் முன்னால் வளைந்த முதுகுக்கு இது பெரிய ஆறுதல்.

மற்றவை ராத்திரிக்கு. விடிய எழும்பினதும் முதுகு விறைத்திருக்கும், அப்போது வளைக்க வேண்டாம். சுடுதண்ணியில் குளித்த பிறகு பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வயிற்றை உள்ளே இழுத்து, இடுப்புக்குக் கீழே இருக்கும் இடைவெளி மறையும்படி முதுகைப் பாயில் அழுத்துங்கள். பத்து தடவை. மூச்சை அடக்காதீங்க. அடுத்து ஒரு முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்து இருபது எண்ணும்வரை பிடியுங்கள். பிறகு மற்றக் கால். இடுப்பு எலும்போரம், பிட்டத்தில் கடுப்பவர்கள் ஒரு காலின் கணுக்காலை மற்ற முழங்காலின் மேல் போட்டு, கீழ்த் தொடையைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுபடுவது தெரியணும், குத்தக் கூடாது. குத்தினால் விட்டுவிடுங்கள்.

"ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தூங்க வைச்சு, எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அண்ணன்மாரே, பீலித் தண்ணியையும் விறகையும் நீங்கள் தூக்கினால் அதுவும் வீட்டுக்காரியின் இடுப்புக்கு வைத்தியம்தான். தூக்கும்போது முழங்காலை மடக்கி, குடத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள்.

இரண்டு மூன்று கிழமை விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். கர்ப்பிணிகள் மருத்துவிச்சியைக் கேட்டுவிட்டுச் செய்யவும். வலியோடு காய்ச்சல், சலக்கடுப்பு, உடம்பு மெலிவு, விழுந்து அடிபட்டது என்றால் பயிற்சி வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். கால் சோர்ந்து போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990க்குப் பேசினால் இலவச அம்புலன்ஸ் வரும்; லயத்துக்கு ரோட்டு இல்லையென்றால், எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.