கால் மைல் ஓட்டமும் கிளச்சுப் பாடமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வாலிபருக்குப் பயன்படும் விடயமொன்றைப் பற்றிப் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் தெரிந்துகொண்ட பொருளைச் சொன்னதும் அவர் சற்றுத் திகைத்தார். கையினால் கியர் மாற்றும் காரை டிராக் பந்தயத் தளத்தில் நின்ற நிலையிலிருந்து எவ்வாறு புறப்படச் செய்வது என்பதே அப்பொருள். இதனால் என்ன பயன் என்பதை முடிவில் நீங்களே தீர்மானியுங்கள்.

டிராக் பந்தயம் என்பது மிக எளிய விளையாட்டு. இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் கால் மைல், அதாவது 1,320 அடி, நேராக ஓடவேண்டும். வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. இவ்விளையாட்டு சிறப்பாகக் கலிபோர்ணியாவிலே வளர்ந்தது. 1930ஆம் ஆண்டுகளில் அங்குள்ள வாலிபர்கள் பழைய போர்ட் கார்களைத் திருத்தியமைத்து, மூரொக் போன்ற வற்றிய ஏரித் தரைகளிலே வேகம் பார்த்தார்கள். உலகப் போருக்குப் பின்னர் அந்த வேகம் ஊர்த் தெருக்களுக்கும் வந்தது. வழிப்போக்கர் அஞ்சினர், பொலிசார் துரத்தினர். 1950இல் சாந்தா அனா என்னுமிடத்தில் விமானத் தளமொன்றிலே ஒழுங்கான பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1951இல், வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். வேகத்தை விரும்பும் வாலிபரை வைது துரத்துவதனால் தெரு திருந்தாது. அவருக்கு ஒரு பாதையும், சில விதிகளும், ஒரு மணிக்கூடும் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி.

அந்த வழி எத்துணைச் சரியானது என்பதை நாம் அநுபவத்தால் அறிந்தோம். தொழில் நிமித்தம் சில ஆண்டுகள் கலிபோர்ணியாவில் வசித்த காலம் அது. ஒரு மாலை, சந்தி விளக்கிலே எமது காருக்குப் பக்கத்தில் வேறொரு கார் வந்து நின்று எஞ்சினை உறுமச் செய்தது. எமக்கும் இளரத்தம், நாமும் உறுமினோம். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு வண்டிகளும் பாய்ந்தன. கடவையின் ஓரத்திலே கால் வைத்த ஒரு தாய் தன் பிள்ளையின் கையைப் பற்றிப் பின்னே இழுத்ததைக் கண்ணாடியில் கண்டோம். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால், நடவாமற் காத்தது அந்தத் தாயின் கை. எமது கெட்டித்தனத்துக்கு அதிலே பங்கில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் வேலைத்தலத்தில் மூத்த தொழிலாளி ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் எம்மைக் கடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை பந்தயத் தளத்துக்கு வா, அங்கே உன் வீரத்தைக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

சென்றோம். காரைப் பரிசோதித்தார்கள், பற்றரி அசைகின்றதா, எண்ணெய் ஒழுகுகின்றதா, ஆசனப் பட்டி சரியா என்று பார்த்து விட்டார்கள். தொடக்கக் கோட்டுக்குச் சற்று முன்னே தண்ணீர் ஊற்றிய ஓரிடம் உண்டு. வழவழப்பான பந்தய ரயர் பூட்டியவர்கள் அதிலே சில்லைச் சுழற்றிச் சூடாக்குவார்கள். சாதாரண ரயரின் வெட்டுகளில் தண்ணீர் தங்கிவிடும். ஆகையால் எம்போன்றவர் அதனைச் சுற்றிச் செல்லவேண்டும். நாமோ நடுவாகவே சென்றோம். அது முதற் பிழை. பச்சை எரிந்தது, எஞ்சின் நின்றுவிட்டது. அடுத்த முறை பெற்றோலை மிதித்துக் கிளச்சைத் திடீரென்று விட்டோம். புகையும் சத்தமும் எழுந்தன, வண்டி மட்டும் போகவில்லை. மூன்றாம் முறை பயந்து பயந்து கிளச்சைப் பாதியிலேயே வைத்திருந்தோம்; கருகல் மணம் வந்தது. எமக்குப் பக்கத்தில் ஓடியவர் ஒரு பாட்டியார். அவர் வென்று, கை காட்டிவிட்டுப் போனார்.

அதன் பின்னரே அந்த மூத்தவர் எம்மை அருகழைத்து விளக்கினார். அவர் சொன்னதன் சாரம் இது:

எஞ்சின் சுழல்கின்றது, சில்லு நிற்கின்றது. சுழல்வதையும் நிற்பதையும் இணக்கி வைப்பதுதான் கிளச்சின் வேலை. ஒருபுறம் எஞ்சினோடு சேர்ந்த பாரச் சக்கரம், மறுபுறம் கியர்ப் பெட்டியோடு சேர்ந்த தட்டு. இரண்டும் மெல்ல உராய்ந்து, வேகம் ஒத்துவரும்போது ஒன்றாகிவிடும். சட்டென்று இணைத்தால் இரண்டிலொன்று தோற்கும்: எஞ்சின் சுற்றுக் குறைவாயின் எஞ்சின் திணறி நிற்கும், சுற்று மிகுதியாயின் ரயர் தரையை விட்டுக்கொடுத்துச் சுழலும். சுழலும் ரயருக்குப் பிடி குறைவு. வழுக்காமற் பற்றி நிற்கும் உராய்வு, வழுக்கும்போதுள்ள உராய்வைவிடப் பெரிது என்பது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பௌதிகம். பரீட்சையிலே அதனை எழுதினோம். காலினாலே அறிந்தது அன்றுதான்.

ஆகவே, முதலாவது பாடம், கிளச்சு எவ்விடத்தில் பிடிக்கின்றது என்பதைக் கால் அறிதல். வெற்றிடமொன்றில் பெற்றோலைத் தொடாமல், கிளச்சை மாத்திரம் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்திப் பழகவேண்டும். மலைநாட்டு ஏற்றத்திலே பாரம் ஏற்றிய லொறியைப் பின்னே நழுவாமல் எடுக்கும் நம் சாரதிமாருக்கு அவ்விடம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, எஞ்சினின் சுற்றை ஓரிடத்தில் அசையாமல் வைத்திருத்தல். சாதாரண ரயரோடு கூடிய எமது காருக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்றிலிருந்து தொடங்கினோம். எஞ்சின் திணறினால் அடுத்த ஓட்டத்தில் இருநூறு கூட்டு, சில்லு சுழன்றால் இருநூறு குறை என்றார் அவர். ஒருமுறைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

மூன்றாவது, இரண்டு கால்களும் ஒன்றோடொன்று பேசவேண்டும். கிளச்சுப் பிடிக்கும் இடம்வரை விரைவாக விட்டு, அங்கே ஒரு கணம் வழுக்கவிட்டு, வண்டி நகர்ந்ததும் மீதியை விட்டுக்கொண்டே பெற்றோலைக் கூட்டவேண்டும். புறப்படும்போது வண்டியின் பாரம் பின்னே சாய்கின்றது. பின்சில்லு இழுக்கும் காருக்கு அது உதவி. முன்சில்லு இழுக்கும் காருக்கு இடைஞ்சல். ஆதலால் பின்னைய காரில் இன்னும் மென்மை வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் கிளச்சை ஆறவிடவும் வேண்டும்.

இனி விளக்குகள். முற்காலத்தில் ஒருவர் இரு கார்களுக்கும் முன்னே நின்று கொடி வீசுவார். 1963இலிருந்து 'கிறிஸ்மஸ் மரம்' எனப்படும் விளக்குக் கம்பம் வந்தது. முன்சில்லு ஒளிக்கதிரை மறைத்ததும் மேலே சிறு விளக்குகள் எரியும். பின்னர் மூன்று மஞ்சள் விளக்குகள் அரைச் செக்கன் இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து, இறுதியில் பச்சை வரும். அதற்கு முன் புறப்பட்டால் சிவப்பு. இங்கே ஒரு நுட்பமுண்டு. ஓட்ட நேரத்தை அளக்கும் மணிக்கூடு பச்சை எரியும்போது தொடங்குவதில்லை; சில்லு கதிரை விட்டு நகரும்போதே தொடங்குகின்றது. பச்சைக்குப் பின் எவ்வளவு தாமதித்தீர்கள் என்பது வேறாகக் குறிக்கப்படும். ஆகவே கற்பவர் விளக்கோடு போட்டியிட வேண்டியதில்லை. பச்சையைக் கண்டு, மூச்சு விட்டு, நிதானமாகப் புறப்படலாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஓட்டம் முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசி தருவார்கள். அதிலே முதல் 60 அடிக்குச் சென்ற நேரமும் இருக்கும். கற்பவன் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். தொடக்கத்தில் மிச்சம்பிடித்த நேரம் முடிவிலே ஒன்றரை மடங்காகவும் அதற்கு மேலாகவும் திரும்பி வரும் என்பது அங்குள்ளோர் கணக்கு. எமக்கு முதல் மாலை 60 அடிக்கு 2.6 செக்கன் சென்றது. முழு ஓட்டத்துக்கு 16.4. ஆறு வெள்ளிக்கிழமைகளின் பின்னர் அவை 2.2 ஆகவும் 15.7 ஆகவும் குறைந்தன. காரிலே ஓர் ஆணியையும் மாற்றவில்லை. மாறியது காலும் மனமுமே. இன்று தானே கியர் மாற்றும் கார்களும் மின்சாரக் கார்களும் இவ்வேலையை எம்மிலும் நன்றாகச் செய்கின்றன. ஆயினும் கற்றது எமக்கு நட்டமன்று.

நண்பர்களே, அந்தத் தளத்தில் இருபுறமும் சுவருண்டு. வண்டியை நிறுத்த நீண்ட பாதையுண்டு. தீயணைப்போரும் அம்புலன்ஸ் வண்டியும் காத்திருப்பர். இவ்வளவு இருந்தும் 2008இல் ஸ்கொட் கலிற்றா என்னும் தேர்ந்த சாரதி பந்தயத்திலே உயிரிழந்தார். அதன் பின்னர் மிகுவேக வண்டிகளின் ஓட்டத்தை 1,000 அடியாகக் குறைத்தார்கள். ஆயத்தங்கள் அத்தனையும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், கடவையும் குழந்தையும் உள்ள தெருவைப் பற்றி நாம் சொல்லவேண்டுமா?

ஆறாவது வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்பும்போது அதே சந்தியில் நின்றோம். பக்கத்திலே ஒரு கார் உறுமியது. எமது காற்சட்டைப் பையில் 15.7 என்று எழுதிய கடதாசி இருந்தது. பச்சை எரிந்தது, அவர் பாய்ந்து போனார். நாம் கடவையின் இருபுறமும் பார்த்து, கிளச்சை மெல்ல விட்டோம். எஞ்சினும் சில்லும் ஓசையின்றி ஒன்றாயின. நாம் கற்ற புறப்பாடுகளுள் சிறந்தது அதுவே.

உங்களுள் வண்டியோட்டுவோர் இதனை நினைவில் வைப்பார்களாயின் எமது பேச்சு பயன்பெற்றதாகும்.