ஆற்றுநீரும் கடல் மட்டியும்
(வருசநாட்டில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மலையடிவாரத்தில் நின்றுகொண்டு கடல் மட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே பிறக்கும் மூல வைகைதான் வைகை அணை, மதுரை, இராமநாதபுரம் என்று போய், வெள்ளக் காலத்தில் பாக் நீரிணையைத் தொடுகிறது. வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் கூடவே போகிறது.

நீரில் கழிவு கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என ஒவ்வொரு கிருமியாகத் தேடினால் நாள் போதாது. மனிதக் குடலில் எப்போதும் குடியிருக்கும் ஈ.கோலையைத் தேடுகிறார்கள். 1885இல் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் விவரித்த பாக்டீரியா அது. அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது, நோய்க்கிருமிகளும் வந்திருக்கலாம். கடலில் உப்பும் வெயிலும் ஈ.கோலையைச் சீக்கிரம் கொன்றுவிடும். அதனால் அங்கே கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் என்டரோகாக்கஸையும் பார்க்கிறார்கள்.

மட்டியும் சிப்பியும் நாள் முழுக்க நீரை வடிகட்டி உண்பவை. நீரில் இருந்தது அவற்றின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு குவளைக் கடல்நீர் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். மட்டியோ முந்தைய நாட்களையும் சேர்த்துச் சொல்லும். ஐரோப்பாவில் நேரடி விற்பனைக்கு வரும் மட்டியில் 100 கிராமுக்கு ஈ.கோலை பொதுவாக 230ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுத்தமான கடல்நீரில் போட்டு வைப்பார்கள். ஈ.கோலை ஓரிரு நாளில் வெளியேறிவிடும். நோரோ வைரஸும் மஞ்சள் காமாலை வைரஸும் அவ்வளவு எளிதில் போவதில்லை. தேர்வில் தேறிய மட்டியும் நோய் தரலாம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

"தெளிவாத்தானே சார் இருக்கு?" என்று ஆற்றைக் காட்டி நம் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஒரு சிறு புட்டி போதும். 1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தினர் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடு சோதனை இது. மருந்தூட்டிய காகிதம் உள்ள புட்டியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் கறுக்கும். கந்தகம் கலந்த கிணற்றுநீரும் கறுக்கலாம். கடல்நீருக்கு இது ஒத்துவராது. கறுக்காததால் மட்டும் குடிக்கலாம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கறுத்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

மாதிரி எடுக்கப் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். கறுத்த புட்டியை அவர்கள் திறக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி வைத்து, நீங்களே அப்புறப்படுத்துங்கள்.