வாடகை வீடும் குடியிருப்போர் உரிமையும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சமயச் சொற்பொழிவுகளும் இலக்கிய ஆராய்ச்சிகளும் நிகழும் இம்மேடையிலே வீட்டு வாடகையைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்க்கைக்கு ஓர் அதிகாரமும், விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்துச் சென்றார். இல்வாழ்வுக்கு முதலில் இல்லம் வேண்டும். மழை பெய்யும் இரவிலே பாயை எந்த மூலைக்கு இழுப்பது என்று தெரியாது தவிக்கும் குடும்பத்தினர் விருந்தினரை எங்ஙனம் வரவேற்பர்? ஆதலின் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அறத்துக்குப் புறம்பானதன்று.

கொழும்பில் வாழும் நம்மவர் பலர் பிறருக்குச் சொந்தமான வீட்டிலேயே வாழ்நாளைக் கழிக்கின்றனர். கொட்டாஞ்சேனையின் முடுக்குகளிலே ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகளையும், பல குடும்பங்களுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாயையும் மலசலகூடத்தையும் காணாதார் இலர். வெள்ளவத்தையின் துன்பம் வேறுவகையானது. அங்கே கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பை அரிக்கின்றது. கம்பி துருப்பிடிக்கக் கொங்கிறீற்று வெடித்து உதிர்கின்றது. பெரிய வீட்டின் பின்புறத்தை மறித்துக் கட்டிய ‘அனெக்ஸ்’ அறைகளிலே காற்று நுழையாது; சுவரிலே ஈரம் ஊறிப் பூஞ்சணம் படர்கின்றது. தொடர்மாடிகளிலோ மேல்வீட்டுக் குளியலறையின் நீர் கீழ்வீட்டுக் கூடத்தில் சொட்டுகின்றது.

இந்நிலையில் நம்மவர் செய்வது யாது? ஒருசாரார் வாய் திறவாதிருக்கின்றனர். கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவார்களே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கிட்டவிருக்கின்றதே என்ற அச்சம் அவர்களுக்கு. மற்றொருசாரார் கோபங்கொண்டு, “வீட்டைத் திருத்தும் வரை வாடகை தரமாட்டோம்” என்று கூறி வாடகையை நிறுத்திவிடுகின்றனர். இவ்விரண்டும் தம்மைத் தாமே கெடுத்துக்கொள்ளும் வழிகள். இரண்டாவது வழி முதலாவதிலும் கேடானது. அது எவ்வாறென்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

நம்மிற் பலர் தேசவழமையை அறிவர். அது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமையைப் பற்றியது. கொழும்பிலே வீடு வாடகைக்குக் கொடுத்தல், எடுத்தல் என்பவற்றுக்கு அடிப்படையாக உள்ளது ஒல்லாந்தர் கொணர்ந்த றோமன்-டச்சுச் சட்டம். அவர்கள் 1656இல் கொழும்பைக் கைப்பற்றினர். 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, சட்டம் நின்றுவிட்டது. வீட்டை வாடகைக்கு விடுபவர் அதனைக் குடியிருக்கத் தக்க நிலையிலே கையளித்தலும், அந்நிலையிலே பேணுதலும் கடன் என்பது அச்சட்டத்தின் கொள்கை. ஆயினும், ஒப்பந்தத்திலே இருவரும் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் எழுதியதே நிற்கும். ‘எல்லாத் திருத்தமும் குடியிருப்பவர் பொறுப்பு’ என்ற ஒரு வரி, வாசியாது கையொப்பமிட்டவரின் உரிமையைப் பறித்துவிடும்.

1915ஆம் ஆண்டிலே 19ஆம் இலக்க வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. மனிதர் வசிக்கத் தகாத கட்டடத்தைப் பற்றி உள்ளூராட்சி அதிகாரிகள் நீதவானிடம் சென்று, அதில் எவரும் குடியிருத்தலாகாது என்று தடையுத்தரவு பெறுதற்கு அது வழிசெய்தது. இவ்வுத்தரவு இருபுறமும் கூருள்ள வாள் என்பதைக் குடியிருப்போர் மறத்தலாகாது. வீடு மூடப்பட்டால் வெளியே நிற்பவர் அவரே.

அதே 1915ஆம் ஆண்டிலே, கடல்கடந்த ஸ்கொத்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்திலே ஒரு பெரும் கிளர்ச்சி மூண்டது. போர்த் தளவாடத் தொழிலாளர் வந்து குவிய, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினர். மேரி பார்பர் என்னும் மாதரசியும் அவரைப் போன்ற இல்லத்தரசிகளும் தெருத்தெருவாகப் பெண்களைத் திரட்டி, ஏற்றிய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. அவ்வாண்டு முடியுமுன்னரே பிரித்தானியப் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. இதனைக் கேட்டு, நாமும் வாடகையை நிறுத்தலாமே என்று எவரும் எண்ணற்க. அங்கே நின்றது ஒரு நகரம். அதன் பின்னே போருக்குத் தேவையான தொழிலாளர் படை நின்றது. முடுக்கு வீட்டிலே தனியொருவர் வாடகையை நிறுத்தினால் அவர் பின்னே நிற்பது அவருடைய மனைவி மக்களே.

இலங்கையிலும் போர்க்காலத்திலேதான் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1942இன் 60ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், 1948இன் 29ஆம் இலக்கச் சட்டம், 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாடகைக்கு ஓர் உச்ச எல்லை, வழக்குத் தீர்க்க வாடகைச் சபை, காரணமின்றி எழுப்புதற்குத் தடை ஆகியன இவற்றின் பயன்கள். ஆனால் 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்னர் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட வசிப்பிடங்கள் பெரும்பாலும் இப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே கொட்டாஞ்சேனையிலே பாட்டன் காலத்திலிருந்து இருந்துவரும் குடும்பத்தின் நிலையும், வெள்ளவத்தையிலே அண்மையிற் குடிவந்த குடும்பத்தின் நிலையும் ஒன்றல்ல. தாம் எந்த வகையினர் என்பதை ஒவ்வொரு குடும்பமும் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இனி, வாடகையை நிறுத்துவது ஏன் கேடாகும் என்பதைக் கூறுவோம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு வழங்கிய வீடுகளிலும், வாடகை நிலுவையானால் எழுப்புதற்கு வழக்கிட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத வீட்டுக்கு மூன்று மாத நிலுவை. அதற்கு மேற்பட்ட வீட்டுக்கு ஒரு மாத நிலுவை போதும். ஆண்டுக்கணக்காகக் காத்த உரிமையைக் கோபத்திலே நிறுத்திய சில மாத வாடகை அழித்துவிடும். நீதிமன்றத்திலே கூரை ஒழுகியதா என்பது பின்னுக்குப் போய், வாடகை கட்டப்பட்டதா என்ற கேள்வியே முன்னுக்கு நிற்கும். வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்தால் என் செய்வது? அதற்கும் அச்சட்டம் வழிகாட்டியுள்ளது. வாடகையை மாநகரசபையிலே செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றால் அது வீட்டுக்காரரிடம் செலுத்தியதற்குச் சமமாகும்.

வாய் திறவாதிருப்பதும் ஆபத்தே. குடியிருப்பவரின் செய்கையாலோ கவனக்குறைவாலோ வீடு பழுதடைந்தால் அதுவும் எழுப்புதற்கு ஒரு காரணம். சுவர் வெடித்ததை ஐந்து ஆண்டுகள் எவருக்கும் அறிவியாதிருந்தவர், அவ்வெடிப்புத் தம்மால் உண்டானதன்று என்பதை எதைக்கொண்டு நாட்டுவார்?

அங்ஙனமாயின் செய்யற்பாலது யாது? நாம் நான்கு படிகளைக் கூறுவோம்.

முதலாவது, குடிபுகும் நாளிலேயே வீட்டின் நிலையை எழுதிக்கொள்ளுதல். எந்த ஓடு உடைந்தது, எந்தக் கதவு பூட்டாது, எந்தச் சுவரில் ஈரம் என்று இருதரப்பாரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்க. இன்று கைத்தொலைபேசியிலே படம் எடுக்காதார் இலர்; அப்படங்களைத் திகதியோடு பேணுக. மற்றொன்றும் கூறவேண்டும். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன் எழுதப்படல் வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் விதி. தரகர் நீட்டும் தாளிலே ‘ஒரு வருடம்’ என்றெழுதிக் கையொப்பமிட்டவருக்கு, நொத்தாரிசு இல்லையேல், மாதக் குடியிருப்பாளருக்குரிய உரிமையே மிஞ்சும்.

இரண்டாவது, பழுதை எழுத்திலே அறிவித்தல். வாயாற் கூறியது காற்றோடு போகும். கடிதம் மரியாதையாகவும் திட்டமாகவும் இருத்தல் வேண்டும். உதாரணமாக:

“ஐயா, தங்களுக்குரிய வீட்டின் பின்னறைக் கூரையிலே மூன்று ஓடுகள் உடைந்து மழைநீர் உள்ளே இறங்குகின்றது. அதனால் மின்கம்பி செல்லும் சுவர் நனைந்துள்ளது. இதனைச் சென்ற மாதம் நேரிலும் தெரிவித்தோம். பதினான்கு நாட்களுள் திருத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். இம்மாத வாடகையை வழமைபோலச் செலுத்தியுள்ளோம்.”

இக்கடிதத்தின் கடைசி வரியே அதன் உயிர். பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர்ச் சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வைக்குக. சுவர் சரியும் நிலை, மின்னொழுக்கு முதலிய உயிராபத்துகளுக்குப் பதினான்கு நாள் காத்திராது அன்றே அறிவிக்குக.

மூன்றாவது, உரிய அதிகாரியை நாடுதல். அடைபட்ட மலசலகூடம், தேங்கிய கழிவுநீர் முதலியவற்றை மாநகரசபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். தொடர்மாடியின் பொதுக் குழாய், மின்தூக்கி, கூரை என்பன பற்றிய பிணக்குகளுக்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை உண்டு. பழைய வாடகைச் சட்டத்துக்குட்பட்டோர் வாடகைச் சபையை நாடலாம். தண்ணீரையோ வெளிச்சத்தையோ வெட்டி வீட்டுக்காரர் நெருக்கினாலும், பூட்டை மாற்றி வெளியேற்றினாலும் அது நீதியன்று. நீதிமன்ற உத்தரவின்றி எவரையும் எழுப்பலாகாது. பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துள் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடின், மீளக் குடியேற இடமுண்டு.

நான்காவது, செலவைக் கழித்தல். அறிவித்து, நியாயமான அவகாசங் கொடுத்து, வீட்டுக்காரர் செய்யாதுவிட்டால், அவசியமான திருத்தத்தைத் தாமே செய்து செலவை வாடகையிற் கழிக்கப் பொதுச் சட்டம் இடந்தருகின்றது. வீட்டின் ஒரு பகுதி பயன்படாது போனால் அதற்கேற்ற வாடகைக் குறைப்பும் கோரலாம். ஆனால் இப்படியிலே சட்டத்தரணியின் ஆலோசனையின்றிக் கால் வைத்தலாகாது. எது அவசியம், எது அழகுக்கானது என்பதிலே தவறினால் கழித்த தொகை நிலுவையாகிவிடும். பொருள் வசதியற்றோருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு துணைபுரிகின்றது.

வீட்டுக்காரர் பக்கத்தையும் நோக்குதல் நமது கடமை. நியம வாடகை 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலே 1941 நவம்பர் மதிப்பீட்டையும், 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலே 1968 சனவரி மதிப்பீட்டையும் அடியாகக் கொண்டது. ஓட்டின் விலையும் மேசனின் கூலியும் ஆண்டுதோறும் ஏற, வாடகை மாத்திரம் அன்றிருந்தபடி நின்றது. அவ்வாடகையைக் கொண்டு கூரையை மேய்வதெங்ஙனம்? குடியிருப்பவரைக் காக்க வந்த சட்டமே வீட்டைச் சிதைய விட்டதென்ற குறைபாட்டிலே உண்மையுண்டு. விதவைத் தாயொருத்தி ஒரே வீட்டின் வாடகையிற் சீவிப்பதையும் நாம் அறிவோம். அத்தகையோரோடு வழக்காடுவதினும், திருத்தச் செலவை இருவரும் பகிர்ந்துகொள்ள இணங்கி, அந்த இணக்கத்தை எழுதிவைத்தல் மேலானது. இணக்கசபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இதற்கென்றே உள்ளன.

எது யாருடைய வேலை என்ற பிணக்கு நம்மூருக்கு மாத்திரம் உரியதன்று. தமிழ்நாட்டிலே 2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதனைப் பட்டியலாகவே வகுத்துள்ளது. கட்டடத்தின் உறுதி சார்ந்த திருத்தம், வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி மாற்றுதல் என்பன வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வளையம், வடிகால் துப்புரவு, மின் ஆளி, சன்னற் கண்ணாடி முதலியன குடியிருப்பவர் பொறுப்பு. அச்சட்டம் இங்கே செல்லாது. எனினும் புதிதாக ஒப்பந்தம் எழுதுவோர் இத்தகைய பட்டியலொன்றை அதிற் சேர்த்துக்கொள்வதை எவரும் தடுப்பதில்லை.

உரிமை பேசுவோர் கடமையையும் செய்தல் வேண்டும். பீலியிலே குப்பை அடைந்து நீர் தேங்க விட்டால் நுளம்பு பெருகும்; 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்குக் குடியிருப்பவரையும் பொறுப்பாளியாக்குகின்றது. அனுமதியின்றிச் சுவரிடித்து அறை சேர்த்தலும், கேளாது மேல்வாடகைக்கு விடுதலும் நம் கையாலேயே நம் உரிமையை வெட்டுவதாகும்.

இறுதியாக இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது அயலிலே கடிதம் எழுதத் தெரியாத முதியோரும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த அறிவித்தலை வாசிக்கவியலாது நாட்களைத் தவறவிடுவோரும் பலர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது மண்டபத்திலே இருவர் மூவர் அமர்ந்து, அவர்களின் பழுதறிவித்தற் கடிதங்களை எழுதிக்கொடுக்கலாம். பற்றுச்சீட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கிக்கொடுக்கலாம். சட்டம் பயிலும் மாணவர் ஒருவர் உடனிருந்தால் எதைச் சட்டத்தரணியிடம் கொண்டுபோக வேண்டுமென்று கூறலாம். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு மேசையும், தாளும், சிறிது பொறுமையும் போதும். அடுத்த மழைக்காலம் வருமுன் இப்பணியைத் தொடங்குமாறு செயற்குழுவினரை வேண்டி அமைகின்றோம்.